இக்கரைக்கு அக்கரைப்பேட்டை பச்சை!

நாகப்பட்டினம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சரித்திர நாவல் பிரியர் என்றால் சூடாமணி விகாரம். பக்திமான் என்றால் வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி. நியூஸ் கேட்டே வளர்ந்தவர் என்றால், 'நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு!'

எனக்கு இனிமேல் ஒரு பெயின்ட் வாளிதான் ஞாபகம் வரும். இருபது லிட்டர் வாளி, நீல மூடி. உள்ளே என்ன இருக்கிறது என்பதை மூடியைத் திறக்காமலே, பத்தடி தள்ளி நிற்பவர்கூடச் சொல்லிவிடலாம். மீன் கழிவு!

முகம் சுளிக்காதீர்கள். சென்னையில் இப்போது மொட்டை மாடி என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு கத்தரிச் செடி இருக்கிறது. கத்தரிச் செடி இருந்தால் பக்கத்தில் ஒரு பாட்டில் இருக்கிறது. அதில் தேன் கலரில் ஒரு திரவம். லேபிளில் 'மீன் அமிலம்'. எங்கள் ஃப்ளாட்டில் மேல் வீட்டு மாமா ஏகாதசியன்று பச்சைத் தண்ணீரையே யோசித்துத்தான் குடிப்பார். அவர் வீட்டு ரோஜாவுக்கோ பதினைந்து நாளைக்கு ஒரு முறை மீன் விருந்து! "விரதம் எனக்குத்தானே சார், ரோஜாவுக்கு இல்லையே" என்கிறார். பதில் சொல்ல முடியவில்லை.

அந்த பாட்டிலின் பூர்வீகத்தைப் பார்த்துவிட்டு வரலாமே என்று எழும்பூரில் காரைக்கால் எக்ஸ்பிரஸ் ஏறினேன். விடிகிற நேரத்துக்கு நாகப்பட்டினம். ஆட்டோக்காரர், "அக்கரைப்பேட்டையா சார்? மீன் வாங்கவா?" என்றார். "இல்லை, மீன் குடல் பார்க்க" என்றேன். அதற்கப்புறம் அவர் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் என்னைப் பார்த்ததுதான் அதிகம்.

கடுவையாற்றைத் தாண்டினால் அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகம். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே நிற்பதற்குத் தனித் தைரியம் வேண்டும். ஒரு பக்கம் ஏலம். அவர்கள் சொல்கிற தொகை நமக்குப் புரிவதற்குள் கூடை கை மாறி, ஐஸ் பெட்டியில் ஏறி, பாதி தஞ்சாவூர் போய்விடுகிறது. இன்னொரு பக்கம் காக்கா. மனிதர்களைவிட அவை ஒழுங்காக க்யூவில் நிற்கின்றன. வஞ்சிரம், சங்கரா, பாறை, மத்தி, காரப்பொடி... விலையைக் கேட்டுவிட்டு மத்தி பக்கமே நகர்ந்து வந்தேன்.

ஏலம் நடக்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி வரிசையாக அரிவாள்மணை போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மீன் ஆய்ந்து தருகிறவர்கள். யுனிவர்சிட்டியில் எத்தனையோ ஆய்வு பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு வேகமான ஆய்வைப் பார்த்ததில்லை. ஒரு சங்கராவுக்குச் செதில், துடுப்பு, செவுள், குடல் அத்தனையும் நீக்கி, துண்டு போட்டுத் தர, நான் என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிற நேரம்தான் ஆகிறது.

கடைசியாக உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில்தான் அந்த நீல மூடி வாளி.

"இதெல்லாம் முன்னே என்ன செய்வீங்கக்கா?"

"என்னா செய்யிறது? ஆத்துல கொட்டுவோம். காக்கா தின்னது போவ மிச்சம் நாறிக்கிட்டுக் கெடக்கும். இப்ப அண்ணன் வந்து வாளிய வெச்சுட்டுப் போயிருது. செவுளு, கொடலு, வாலு எல்லாம் அதுல. தலைய மட்டும் போட மாட்டேன். தலை கொழம்புக்கு!"

'அண்ணன்' என்றது கூடப் பிறந்தவரை அல்ல. கொஞ்ச நேரத்தில் டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்து இறங்கினார். எழுபது வயது, கட்டம் போட்ட துண்டு. வேளாங்கண்ணி தாண்டி ஒரு கிராமத்தில் மூன்று மா நிலம், அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கர். (ஊர் பேரும் தன் பேரும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேத்திக்கு வரன் பார்க்கிறார்களாம். 'மீன் குடல் வீட்டுச் சம்பந்தம்' என்று பேர் வந்துவிடக் கூடாதே!) வந்தவர் காலி வாளியை இறக்கினார், நிறைந்த வாளியை ஏற்றினார். ஹேண்டில்பாரில் தொங்கிய மஞ்சள் பையை அக்காவிடம் கொடுத்தார். கத்தரிக்காய், பாகற்காய், ஒரு கட்டுக் கறிவேப்பிலை. காசு கை மாறவில்லை.

நான் பி.காம். 'பண்டமாற்று முறையின் குறைபாடுகள்' என்று பத்து மார்க் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியவன். என்னிடம் இருப்பது உனக்கு வேண்டும், உன்னிடம் இருப்பது எனக்கு வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். அது நடைமுறையில் கஷ்டம் என்று பக்கம் பக்கமாக அடித்துவிட்டிருந்தேன். இங்கே குடலுக்குக் கத்தரிக்காய், செவுளுக்குப் பாகற்காய் என்று வாரா வாரம் பொருந்திக்கொண்டிருக்கிறது!

"வர்றீங்களா தம்பி?" என்றார் பெரியவர். பின் சீட்டில் ஏறினேன். கால் வைக்கிற இடத்தில் வாளி. வேளாங்கண்ணி ரோட்டில் ஒரு நாய் ஒரு கிலோமீட்டர் வரை எங்களை வழியனுப்ப வந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் நாங்கள் தெரிவதற்கு முன்பே திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஜென்மத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய வரவேற்பு அதுதான்.

* * *

தோட்டத்தின் ஓரத்தில், புளியமர நிழலில் நாலு பிளாஸ்டிக் டிரம். "இரும்பு, தகரம் ஆகாது. புளிப்பு அரிச்சிரும்" என்றார். வாளியைக் கவிழ்த்து எடை போட்டார். எட்டு கிலோ. எட்டு கிலோ வெல்லத்தை உடைத்து எடுத்து வைத்தார். கழிவு எவ்வளவோ வெல்லமும் அவ்வளவு. ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது.

"வெல்லம் பளபளன்னு தங்கமாட்டம் இருந்தா வாங்காதீங்க தம்பி. மருந்து போட்டது. கறுப்பா, அழுக்கா, பொண்ணு பாக்கையில வேணாம்னு சொல்ற மாதிரி இருக்கணும். அதுதான் நல்ல வெல்லம்."

ஒரு அடுக்குக் கழிவு, ஒரு அடுக்கு வெல்லம். கட்டையால் ஒரு கிளறு. டிரம்மில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விட வேண்டும். உள்ளே வாயு கிளம்பிப் பொங்குமாம். மூடியை இறுக்கித் திருகினால் ஒரு நாள் ராத்திரி தீபாவளி நிச்சயம். அதனால் மூடியைத் தளர்த்தி, சுற்றித் துணி கட்டி, மேலே ஒரு கல். கல் மூடிக்காக அல்ல, பூனைக்காக. இந்த ஊர்ப் பூனைகள் மூடி திறக்கும் கலையில் தேர்ந்தவை என்று சொன்னார். ஒரு சாம்பல் பூனை தூரத்தில் உட்கார்ந்து, நான் குறிப்பு எடுப்பதையே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது.

இனி காத்திருக்க வேண்டியதுதான். 21 நாள் என்பது கணக்கு. குளிர் மாதமாக இருந்தால் ஒரு மண்டலம்கூட ஆகும். நடுநடுவே திறந்து ஒரு கிளறு.

அந்தந்த நாளைக்கு வாசனை எப்படி மாறுகிறது என்று காட்ட, ஒவ்வொரு டிரம்மாகத் திறந்தார். இன்றைய டிரம்: சொல்ல வேண்டாம். நான்காம் நாள் டிரம்: சொல்லவே வேண்டாம்! மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலடி பின்னால் போனேன். "இது சாஸ்தியா வீச்சம் அடிக்குதுன்னா வெல்லம் பத்தலைன்னு அர்த்தம்" என்று இன்னும் ரெண்டு உருண்டை நசுக்கிப் போட்டார். பத்தாம் நாள் டிரம்மில் கவிச்சியோடு ஏதோ ஒரு புளிப்பு. கடைசியாக 25 நாள் ஆன டிரம்.

சத்தியமாகச் சொல்கிறேன், பழுத்த பழத்தின் வாசனை! அடியில் லேசாக மீன் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மேலே மிதந்து வருவது பலாப்பழக் கடை. கழிவு கரைந்து, முள்ளும் செதிலும் மட்டும் அடியில் நிற்க, மேலே தேன் மாதிரி தண்ணீர். பழந்தமிழில் 'நாற்றம்' என்றால் நறுமணம் என்று தமிழ் வாத்தியார் சொல்லிக் கொடுத்தபோது நான் நம்பவில்லை. இந்த டிரம் இன்றைய அர்த்தத்தில் ஆரம்பித்து, இருபத்தைந்து நாளில் அந்தப் பழைய அர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எப்படி? பெரிய மாயம் ஒன்றுமில்லை. உங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியில் உப்பு செய்கிற வேலையை இங்கே வெல்லம் செய்கிறது. மீனில் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. அழுகவைக்கிற கிருமிகளுக்கு அந்தப் பாகு ஒத்துவராது. புளிக்கவைக்கிற நுண்ணுயிர்களுக்குத்தான் கொண்டாட்டம். அவை வெல்லத்தைத் தின்று அமிலத்தை விடுகின்றன. புளிப்பு ஏற ஏற அழுகல் கட்சி டெபாசிட் இழக்கிறது. அதே நேரத்தில் மீன் குடலிலேயே இருக்கிற செரிமான நொதிகள் மீனின் புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களாக ஆக்குகின்றன. உயிரோடு இருந்தபோது இரையைச் செரித்த அதே குடல், செத்த பிறகு மீனையே செரிக்கிறது! அதனால்தான் பெரியவருக்குச் சதையைவிடக் குடல்மேல் ஆசை.

வடிகட்டிய தண்ணீரை அப்படியே ஊற்றினால் செடி காலி. பத்து லிட்டர் ஸ்பிரேயருக்கு 100 மில்லி. தொட்டிச் செடி என்றால் லிட்டருக்கு 5 மில்லி போதும். வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாள் இடைவெளி. வடிகட்டிய சக்கையில் இன்னொரு தடவை வெல்லம் போடலாம். அப்புறம் அது தென்னை மர அடியில் புதையலாகப் போகிறது. (ஆழமாகத் தோண்டாவிட்டால் அந்தச் சாம்பல் பூனை!)

"பூ விடுற நேரத்துல கொறைச்சுக்கணும் தம்பி. இது தழைச்சத்து. சாஸ்தி குடுத்தா செடி தளதளன்னு நிக்கும், காய் இருக்காது. ஊருக்குள்ள சில பேரு இருக்கான்ல, அது மாதிரி."

* * *

இதைக் கண்டுபிடித்தது யார்? இந்தப் பெயரும் பக்குவமும் 'ஃபிஷ் அமினோ ஆசிட்' என்று கொரியாவின் இயற்கை விவசாயி சோ ஹான்-கியூவின் முறையிலிருந்து வந்தவை. தமிழ்நாட்டில் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் 2013-ல் மறைந்த நம்மாழ்வாருக்குப் பெரிய பங்கு. ஆனால் செடிக்கு அசைவம் போடுவது நமக்குப் புதிதில்லை. ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முன் சுரபாலர் எழுதிய 'விருக்ஷாயுர்வேதம்' என்ற சம்ஸ்கிருத நூலில் 'குணபஜலம்' என்று ஒரு உரம் வருகிறது. மீன், ஆடு, பன்றி என்று மாமிசமும் கொழுப்பும் வேகவைத்துப் பானையில் ஊறப்போட்டது. 'குணபம்' என்றால் பிணம்! பேர் வைத்தவருக்கு மூக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது. அந்தச் சுவடி ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்தில் தூங்கிக்கொண்டிருந்து, 1996-ல்தான் செகந்திராபாத்தில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாகி வந்தது.

இன்னொரு ஆச்சரியம் என் பாடப்புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. காமர்ஸ் படித்தவர்களுக்கு சர் ஃபிரடெரிக் நிக்கல்சன் என்றால் கூட்டுறவு. 1904 கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்த அறிக்கை அவருடையது. அதற்கப்புறம் அதே மனிதர் மெட்ராஸ் மாகாணத்தின் மீன்வளத் துறையைக் கட்டி எழுப்பினார். மலபார் கரையில் மத்தி மீனில் எண்ணெய் எடுத்து, மிச்சச் சக்கையை நாற்றமில்லாத நல்ல உரமாக்குவது எப்படி என்று மெனக்கெட்டார். எனக்குப் பாடம் எடுத்த புரொஃபசர் கூட்டுறவோடு நிறுத்திக்கொண்டார். மத்தி வரை போயிருந்தால் க்ளாஸில் யாரும் தூங்கியிருக்க மாட்டோம்.

இதையெல்லாம் பெரியவரிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "வாங்க, ஒண்ணு காட்டுறேன்" என்று கத்தரிப் பாத்தியைத் தாண்டி நிலத்தின் கிழக்குக் கோடிக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து சவுக்குத் தோப்பு தெரிந்தது. தோப்புக்கு அந்தப் பக்கம் சத்தம் மட்டும் கேட்டது. கடல்.

"இது வரைக்கும் வந்துச்சு" என்றார்.

2004 டிசம்பர் 26. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம், ஆறாயிரத்துக்கும் மேல். அக்கரைப்பேட்டையும் அதை ஒட்டிய கீச்சாங்குப்பமும் சின்னாபின்னமாயின. அதெல்லாம் பேப்பரில் வந்தது. வயல்களுக்கு என்ன ஆனது என்பது உள்பக்கத்தில் வந்தது.

"சம்பா கதிர் முத்தி நின்ன நேரம். மொழங்கால் ஒசரத்துக்குக் கறுப்புச் சேறு. மூணா நாளு பாத்தா, நெருப்பு வெச்ச மாதிரி பயிர் செவந்து கெடக்கு. மண்ணை எடுத்து நாக்குல வெச்சேன். ஒரே உப்பு. மூணு மாவும் உப்பு."

சங்க காலத்தில் உமணர்கள் நெய்தல் நிலத்து உப்பை வண்டியில் ஏற்றிவந்து, மருத நிலத்தில் கொடுத்து நெல் வாங்கிப் போவார்கள் என்று படித்திருக்கிறோம். உப்புக்கு நெல். 2004-ல் கடல் விலை கேட்கவில்லை. உப்பைக் கொட்டிவிட்டு நெல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"ரெண்டு வருசம் கடல் மூஞ்சியில முழிக்கல. மீனும் தொடல" என்றார். இவர் மட்டுமா? கடலில் போனவர்களை நினைத்து அப்போது ஊர் ஊராக மீனை ஒதுக்கினார்கள். வீட்டையும் இழந்து, கூடையில் மீனும் விலை போகாமல் உட்கார்ந்திருந்த பெண்களில் அந்த அக்காவும் ஒருத்தி. அவர் யாரை இழந்தார் என்று நான் கேட்கவில்லை. பெரியவரும் கேட்டதில்லையாம்.

நிலம் எப்படித் திரும்பி வந்தது? மேல் சேற்றை வழித்தெடுத்தார்கள். வரப்பை உயர்த்தி மழைத் தண்ணீரைக் கட்டி, உப்பைக் கரைத்து வடியவிட்டார்கள். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற நேரத்தில் மடக்கி உழுதார்கள். தழை, குப்பை, சாணம் என்று கிடைத்ததையெல்லாம் மண்ணுக்குக் கொடுத்தார்கள். நம்மாழ்வார் இந்தக் கரையோரக் கிராமங்களில் சுற்றி வேலை பார்த்தது அப்போதுதான். இரண்டு மழைக்காலம் போய், இந்த நிலத்தில் மறுபடி நாற்று நின்றது. மீன் அமிலமெல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால்.

"இது உப்பை எடுத்துச்சுன்னு எழுதிடாதீங்க தம்பி. இது மருந்தில்ல. தொட்டுக்கிற ஊறுகா. சோறு அந்தத் தழையும் சாணமும்தான்."

2018 நவம்பரில் கஜா வந்து இவருடைய பதினோரு தென்னையைச் சாய்த்துப் போட்டது. நின்ற நாலு மரத்தின் காலடியில்தான் இப்போது டிரம் சக்கை போகிறது.

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கேட்டேவிட்டேன். "கடல் மேல இருந்த கோவம் போயிடுச்சுங்களா?"

துண்டை உதறித் தோளில் போட்டார். "கோவம் எங்க போவும்? அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கு. அதுக்காவ கத்திரிச் செடியப் பட்டினி போட முடியுமா?"

* * *

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு அவர் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான். ஒரு கிலோவில் ஆரம்பியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மீன் கடையில் கேட்டால் கழிவு சும்மாவே கிடைக்கும், காசு வெல்லத்துக்குத்தான். கருவாடு வேண்டாம், உப்பு. சமைத்த மீனும் வேண்டாம். முதல் பத்து நாள் காற்று பக்கத்து வீட்டுப் பக்கம் வீசாத இடமாக வையுங்கள். வடிகட்டியதை நிழலில் வைத்தால் ஆறு மாசம் வரை தாங்கும். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. பார்ப்பதற்குத் தேன் மாதிரியே இருக்கும்.

கிளம்பும்போது எனக்குள் இருந்த பி.காம். சும்மா இருக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகத் தடை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம். சின்னப் படகுகள் கொண்டுவருவதுதான் மீன். அக்காவுக்கு ஆய்கிற வேலை குறைவு. வாளியில் கால்வாசிகூடச் சேராது. அப்போது இந்தப் பண்டமாற்று என்ன ஆகும்?

"காய்கறிப் பை முழுசாத்தான் போவும்" என்றார் பெரியவர்.

"அதை அக்கா பேர்ல கடனா எழுதிக்குவீங்களா?"

"கடனா?" சிரித்துவிட்டார். "அந்த ரெண்டு மாசம்தான தம்பி அது வீட்டுல காசு இருக்காது?"

இந்தத் தொகையை எந்தப் பக்கம் எழுதுவது, வரவிலா செலவிலா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் அதற்குள் காலி வாளியைக் கழுவி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காக வேலி முள்ளில் கவிழ்த்து மாட்டினார். சாம்பல் பூனை எழுந்து அதன் அடியில் போய் உட்கார்ந்தது.